நெற்றியில் மூன்று சுழி

விராலிமலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஆத்மநாதன் வைத்திருக்கும் ஸ்டுடியோவில் முன்பெல்லாம் கறுப்பாக இருக்கிறவர்கள் யாருமே போட்டோ எடுத்துக்கொண்டதில்லை. நம்பாவிட்டால் ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். மாப்பிள்ளை, பெண், மாமனார், பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்பவர் வரை அத்தனை பேரும் மைதா மாவில் புரண்டு எழுந்த நிறத்தில்தான் இருப்பார்கள். ஆத்மநாதனுக்கு எடிட்டிங் என்றால் வெள்ளையடிப்பது. மனிதர் நல்லவர்தான், ஆனால் மவுஸைக் கையில் எடுத்துவிட்டால் இரக்கம் பார்க்க மாட்டார்.

சத்யா வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அந்த அக்கிரமம் நின்றது. கம்ப்யூட்டர் படித்துவிட்டு சென்னைக்குப் போகாமல் ஊரிலேயே தங்கிவிட்ட பெண். வந்த முதல் வாரமே முதலாளியிடம் சொல்லிவிட்டாள்.

“அண்ணே, எடிட் பண்ணது தெரியாம எடிட் பண்ணணும். பாக்குறவன் ‘ஆளு நல்லாத் தூங்கி எந்திரிச்சு வந்துருக்கான்’னு நெனைக்கணும். ‘எவன்டா இவன்’னு கேக்கக் கூடாது.”

“காசு குடுக்குறவன் வெள்ளையா கேக்குறானேம்மா.”

“அவன் வெள்ளையா கேக்கலண்ணே. நல்லாருக்கணும்னு கேக்குறான்.”

ஆத்மநாதன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் அவள் கேட்ட ஏஐ சாஃப்ட்வேரை வாங்கிப் போட்டார். போட்டோவை உள்ளே விட்டால் அதுவே முகம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துக் கட்டம் கட்டும். தோல், கண், பல், தலைமுடி என்று தனித்தனியாக அளவுக்கோடுகள் வரும். வலது பக்கம் இழுத்தால் வேலை கூடும், இடது பக்கம் தள்ளினால் குறையும். கடைசிவரை இழுத்தால் துணிக்கடை பொம்மைதான். சத்யா எப்போதும் கோட்டின் தொடக்கத்திலேயே நிறுத்திக்கொள்வாள்.

அவளுக்கென்று ஒரு கணக்கு இருந்தது. இந்த வாரம் வந்ததைப் போக்கலாம், பிறக்கும்போது வந்ததைத் தொடக் கூடாது. பரு போகலாம், மச்சம் போகக் கூடாது. கருவளையம் குறையலாம், அடியோடு மறையக் கூடாது. சிரிக்கும்போது கன்னத்தில் விழும் கோட்டில் கையே வைக்கக் கூடாது, வைத்தால் ஆளே மாறிப்போவான். இந்தக் கணக்கினால் ஸ்டுடியோவுக்கு நல்ல பெயர் வந்தது. மணப்பாறையிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள்.

ஆனால் சத்யாவுக்கு ஒரு கோளாறு உண்டு. சும்மா இருக்க மாட்டாள். இதை இப்படிச் செய்தால் என்ன ஆகும், அந்த சாஃப்ட்வேர் இதைப் பார்த்து என்ன நினைக்கும் என்று நோண்டிக்கொண்டே இருப்பாள். மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் பூசணிக்காயைப் படம் எடுத்து உள்ளே விட்டு, அதற்குக் கண்ணும் மூக்கும் கண்டுபிடிக்கிறதா என்று பார்த்திருக்கிறாள். ஒருநாள் கண்டுபிடித்தும் விட்டது. அன்று முழுக்க ஆத்மநாதன் அந்தப் பூசணிக்காயைக் குழம்பு வைக்க விடவில்லை.

மாசி மாதம் ஜல்லிக்கட்டு நெருங்கும் சமயத்தில் பொன்னுத்தாய் வந்தாள். மேலப்பூவம்பட்டிக்காரி. நாற்பதைத் தாண்டிய வயது, கூலி வேலைக்குப் போகிறவள், புருஷன் தவறிப்போய்விட்டான், பிள்ளைகள் இல்லை. போனை நீட்டினாள். அதில் அவளும் ஒரு செவலைக் காளையும் பக்கம் பக்கமாக நின்றார்கள். காளையின் நெற்றியில் திருநீறு பூசியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் எடுத்த படமாம், காலை வெயில் இரண்டு பேர் மூஞ்சியிலும் நன்றாக விழுந்திருந்தது.

“இவன் பேரு சின்னவன். இந்த வருசந்தான் எங்கூரு வாடியில மொதமொதல்ல அவுக்கப் போறேன். அங்கிட்டு வைக்க ஒரு பிளக்ஸ் அடிக்கணுந்த்தா. கண்ணுக்குக் கீழ கறுப்பு கெடக்குல்ல, அத எடுத்துரு. ஆனா என்னயக் கொமரிப்பிள்ளையா ஆக்கிப்புடாத, ஊரு சிரிக்கும்.”

“நம்ம பண்ணா, பண்ணது தெரியாதுக்கா.”

“தெரியலேன்னா எதுக்குத்தா பண்றது?”

இந்தக் கேள்விக்கு சத்யாவிடம் பதில் இருந்தது. சொல்லத் தொடங்கினால் பொன்னுத்தாய்க்குப் பஸ் போய்விடும் என்பதால் சிரித்து வைத்தாள்.

அன்று மத்தியானம் படத்தை உள்ளே விட்டாள். கட்டம் வந்தது. ஒன்றல்ல, இரண்டு. பொன்னுத்தாய் மூஞ்சியில் ஒன்று, காளை மூஞ்சியில் ஒன்று. மாட்டையும் ஆள் என்று நினைத்துவிட்டது. அந்த இரண்டாவது கட்டத்தை அழுத்தி நீக்கிவிட்டுப் போயிருக்க வேண்டியதுதானே? வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். சத்யாவுக்குக் கை அரித்தது. ஒரு மாட்டின் மூஞ்சியை இது எப்படி அழகுபடுத்தும்? பல்லை வெள்ளையாக்குமா, கண்ணுக்கு மை தீட்டுமா? பார்த்துவிடுவோமே என்று விட்டுவிட்டாள்.

முதலில் பொன்னுத்தாயை முடித்தாள். கருவளையத்தைக் கொஞ்சம் குறைத்து, வெயிலில் பளபளத்த மூக்கை அடக்கி, அதோடு நிறுத்தினாள். ஒருநாள் லீவு போட்டு ஓய்வு எடுத்தவளைப் போல் இருந்தாள், அவ்வளவுதான். பிறகு காளையின் கட்டத்தைத் திறந்து கோட்டை லேசாக இழுத்தாள்.

சாஃப்ட்வேருக்குத் திருநீறு தெரியுமா, சாமி தெரியுமா? நெற்றியில் ஏதோ வெள்ளையாக அழுக்கு என்று முடிவு செய்து வழித்து எடுத்துவிட்டது. எடுத்த இடத்தில் முடியை ஒவ்வொன்றாக வரைந்து வைத்திருந்தது. வெறுமனே மேலிருந்து கீழாக அல்ல. மேலே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சுழி, அவற்றுக்குக் கீழே நடுவில் ஒன்று. பச்சைப்பிள்ளையின் உச்சந்தலையில் இருக்குமே, அப்படி வளைந்து வளைந்து ஓடியது முடி. சத்யாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. தன் கணக்கின்படியும் சரிதான். திருநீறு பிறக்கும்போது வந்ததா என்ன, காலையில் பூசியதுதானே. அப்படியே வைத்துக்கொண்டாள்.

படத்தைப் பொன்னுத்தாய்க்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் குரல் பதிவு வந்தது. “நல்லாருக்குத்தா. என்னயவே பாத்த மாதிரி இருக்கு. அடிச்சுரு.”

இதில் ஒரு சங்கதி உண்டு. கல்யாண மண்டபமே நிற்கிற குரூப் போட்டோவைக் கொடுத்தாலும் ஒரு ஆள் தன் மூஞ்சியைத்தான் பார்ப்பான். அது நன்றாக இருந்தால் போட்டோ நன்றாக இருக்கிறது என்பான். பொன்னுத்தாயும் மனுஷிதான். கை அகல போனில் தன் மூஞ்சியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள், பக்கத்தில் நின்றவனின் நெற்றியைப் பார்க்கவில்லை. பிளக்ஸ் அடித்து, லோடு ஆட்டோவில் போய், மேலப்பூவம்பட்டி வாடிவாசலுக்குப் பக்கத்தில் ஏறி நின்றது. அங்கே காளையின் நெற்றி மட்டுமே ஒரு சோற்றுத் தட்டு அகலத்துக்கு இருந்தது.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே போன் வந்தது.

“தங்கச்சி.” பொன்னுத்தாயின் குரல் அடங்கியிருந்தது. “மாட்டு நெத்தியில இருந்த துண்ணூறு எங்கத்தா?”

“அதுவா அக்கா, அது சாஃப்ட்வேர்...”

“அத யாரு ஒன்னய எடுக்கச் சொன்னா?”

சத்யாவுக்கு ஒன்றும் புரியவில்லை. திருநீறு எடுத்தது சாமிக் குத்தம் என்கிறாளோ என்று நினைத்தாள். பொன்னுத்தாய் விஷயத்தை விட்டு விட்டுச் சொன்னாள். காலையில் பந்தல் வேலை பார்க்க வந்த இடத்தில் குழந்தைசாமி பிளக்ஸைப் பார்த்துவிட்டாராம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் மாட்டுக்குச் சுழி பார்க்கிறவர் அவர். அவர் பார்த்துச் சொல்லாமல் யாரும் கன்றுக்குட்டிகூடப் பிடிக்க மாட்டார்கள். நெற்றியில் ஒரு சுழி இருந்தால் எல்லா மாட்டையும் போல என்று விடுவார்கள். மூன்று சுழி முக்கோணமாக இருந்தால் அது முக்கண் சுழி. வளர்க்கிற வீட்டுக்கும் ஆகாது, கட்டியிருக்கிற ஊருக்கும் ஆகாது.

“எங்கூருல கட்டுப்பாடு இருக்குத்தா. ஆகாத சுழி மாட்டை ஊருக்குள்ள வச்சுக்கக் கூடாது. மத்தியானம் கமிட்டி கூடுது. குழந்தைசாமி ஐயா பாத்து ஆமான்னுட்டா இவன அனுப்பிச்சாகணும். முக்கண் சுழி மாட்டை எந்தச் சம்சாரி வாங்குவான்? அடிமாட்டு லாரிக்காரன்தான் வாங்குவான்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சத்யா ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பாள். லாரி என்ற சொல்லுக்குப் பிறகு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

“அக்கா, அது நிஜமில்லக்கா. மிஷினு கற்பனையா வரைஞ்சது. நான் வந்து அவங்ககிட்டச் சொல்றேன்.”

“வாத்தா. வெரசா வா.” போன் அணைந்துவிட்டது.

கிளம்புவதற்கு முன் சத்யா ஒரு காரியம் செய்தாள். பொன்னுத்தாய் கொடுத்த பழைய படத்தைத் திறந்து காளையின் நெற்றியைப் பெரிதாக்கினாள். கற்பனையாக வரைகிற மிஷின் எதற்கு மூன்று சுழி வரைய வேண்டும்? ஒன்று வரைந்தால் போதாதா? நேராக முடியை இழுத்துவிட்டிருந்தால்கூட யாரும் கேட்கப் போவதில்லை. சோம்பேறித்தனமாகச் செய்யக்கூடிய வேலையை அது ஏன் இவ்வளவு மெனக்கெட்டுச் செய்தது? இந்தக் கேள்வி அவளை நாற்காலியிலேயே பிடித்து வைத்தது.

இன்னும் பெரிதாக்கினாள். திருநீறு தூரத்தில் பார்க்கத்தான் பட்டையாக இருந்தது. கிட்டத்தில் அது வெறும் துகள். துகளுக்கும் துகளுக்கும் நடுவே செவலை முடி தெரிந்தது. வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தாள். இடது பக்கத்து முடி வலமாகச் சாய்ந்திருந்தது. அதை ஒட்டினாற்போல் வலது பக்கத்து முடி இடமாகச் சாய்ந்திருந்தது. கீழே நடுவில் கொஞ்சம் முடி சுற்றி வந்தது. மனிதக் கண் இதையெல்லாம் கூட்டிப் பார்க்காது. அந்த மிஷினுக்கு வேறு என்ன வேலை, கூட்டிப் பார்த்துவிட்டது.

“போச்சுடா” என்றாள் சத்யா, யாரிடமும் இல்லாமல்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மேலப்பூவம்பட்டிக்குப் போனாள். வழியெல்லாம் அதே யோசனை. கமிட்டி முன்னால் போய் மிஷின் பொய் சொல்லிவிட்டது என்று சொல்வதா? சொன்னால் அது பொய். சொல்லாவிட்டால் ஒரு மாடு லாரியில் ஏறும். அதுவும் தன் கை அரிப்பினால். பூசணிக்காயோடு நிறுத்தியிருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பொன்னுத்தாய் வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகையில் சின்னவன் நின்றான். பிளக்ஸில் பார்த்ததைவிடப் பெரிய உடம்பு. சத்யாவைப் பார்த்ததும் மூக்கை விடைத்துக் கொம்பைத் தாழ்த்தினான். பொன்னுத்தாய் “டேய்” என்று ஒரு சொல் சொன்னாள், கழுத்தை அவள் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றுவிட்டான். நெற்றியில் காலையில் பூசிய திருநீறு அப்படியே இருந்தது.

“அக்கா, நான் பழைய போட்டோவைப் பெருசாக்கிப் பாத்தேன்.”

பொன்னுத்தாய் அவள் கண்ணைப் பார்த்தாள். பிறகு முந்தானையை எடுத்துக் காளையின் நெற்றியைத் துடைத்தாள். திருநீறு போனது. மேலே இரண்டு, கீழே ஒன்று. பிளக்ஸில் இருந்தது போலவே, ஒரு முடி மாறாமல்.

“என் வீட்டுக்காரரு கொண்டாந்தது இவன. கன்னுலயே லாரில ஏத்த நின்னது. சுழி ஆகாதுன்னு யாரும் தொடல. இவருதான் தாம்புக்கயித்தப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்துட்டாரு. ஊருக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி துண்ணூறு பூசுனாரு. அன்னையிலருந்து தெனமும் பூசுறோம்.” காளையின் தாடையைத் தடவிக்கொண்டே சொன்னாள். “அவரு கிட்னி போயிச் செத்தாரு. நாலு பேருக்கு இந்தச் சுழி தெரிஞ்சிருந்தா மாடுதான் கொன்னுச்சும்பாக. எனக்குத் தெரியாதா எது கொன்னுச்சுன்னு? ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சவ நானு.”

சத்யா காளையின் நெற்றியையே பார்த்தாள்.

“இந்த வீட்டுல நான் கூப்புட்டாத் திரும்பிப் பாக்குற உசுரு இது ஒண்ணுதான்த்தா.”

அவளே சம்புடத்தை எடுத்து மறுபடியும் திருநீற்றைப் பூசினாள். அவசரத்தில் பூசியது, லேசாகத்தான் படிந்தது. வெளியே மைக்கில் கமிட்டிக்காரர்களைக் கூப்பிட்டார்கள்.

வாடிவாசல் பந்தலில் இருபது முப்பது ஆண்கள் கூடியிருந்தார்கள். கமிட்டித் தலைவர் பெரியகருப்பன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குழந்தைசாமி. அறுபது வயதுக்கு மேல் இருக்கும், வற்றிய உடம்பு, சுவரில் சாணி அப்பியது போல் நெற்றி நிறையத் தடிப்பாகத் திருநீறு. அவர்களுக்குப் பின்னால் பிளக்ஸில் பொன்னுத்தாய் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே நின்ற பொன்னுத்தாய்க்குச் சிரிப்பு வரவில்லை.

“இந்தப் பொண்ணுதான் போட்டோவ ரெடி பண்ணுச்சாம்” என்றார் பெரியகருப்பன். “சொல்லும்மா. இந்தச் சுழி எங்கிட்டிருந்து வந்துச்சு?”

பொய் சொல்லக் கூடாது என்று சத்யா வழியிலேயே முடிவு செய்திருந்தாள். ஆனால் உண்மை முழுவதையும் சொல்ல வேண்டும் என்று யாரும் கேட்கவில்லையே. குழந்தைசாமியின் நெற்றியை இன்னொரு முறை பார்த்தாள். அந்தத் திருநீற்றுக்குள் ஒரு துளி தோல்கூடத் தெரியவில்லை.

“ஐயா, வாயால சொன்னா நம்புவீங்களோ என்னமோ. செஞ்சே காட்டுறேன்” என்றாள். “குழந்தைசாமி ஐயா, நீங்க சம்மதிச்சா ஒங்களயே ஒரு போட்டோ எடுத்துக்குறேன்.”

“என்னயவா? எடு” என்றார் அவர். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். போட்டோ என்றால் யாருக்குத்தான் ஆசை இல்லை.

எடுத்தாள். போனிலும் அதே சாஃப்ட்வேர் இருந்தது. கட்டம் வந்ததும் கோட்டை இழுத்து, போனைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினாள். திருநீறு இருந்த இடத்தில் வழுவழுவென்று நெற்றி. ஒரு சுருக்கம் இல்லை.

“ஐயாவுக்கு இப்பப் பொண்ணு பாக்கலாம்யா” என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். பந்தல் சிரித்தது. குழந்தைசாமியும் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, “பரவால்லையே” என்றார்.

“ஐயா, துண்ணூறுக்குக் கீழ இப்படித்தான் இருக்கும்னு இது நெனைச்சு வரைஞ்சுருக்கு. நிஜமா எப்படி இருக்குன்னு கொஞ்சம் துடைச்சுக் காட்டுங்க.”

குழந்தைசாமி துண்டை எடுத்து அழுத்தித் துடைத்தார். சத்யா எதிர்பார்த்தது நாலைந்து சுருக்கம். அந்த வயதில் யாருக்கும் இருக்கும், அது போதும் என்று நினைத்திருந்தாள். ஆனால் துண்டு விலகியதும் இடது புருவத்துக்கு மேலிருந்து தலைமுடி வரைக்கும் ஒரு பெரிய தழும்பு, தையல் போட்ட தடத்தோடு. பக்கத்தில் இருந்த பெரியகருப்பனே இப்போதுதான் பார்க்கிறார் போல, நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“இது எப்படிங்க மாமா?”

“வயசுல. மாடு கிழிச்சது.”

“எந்தூரு மாடு?”

“எங்க வீட்டு மாடுதாம்ப்பா.” குழந்தைசாமி தழும்பைத் தடவினார். “கோபுரச் சுழி. அதுக்கு மிஞ்சுன நல்ல சுழி கெடையாது. சந்தை சந்தையா அலைஞ்சு நானே பாத்துப் புடிச்சது. வந்த மாசமே தண்ணி காட்டப் போனவன இப்படிப் பண்ணிருச்சு.”

பந்தலில் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்க வேண்டிய கேள்வி எல்லார் வாயிலும் வந்து நின்றது, ஆனால் அவரிடம் யார் கேட்பது? பெரியகருப்பன் தொண்டையைச் செருமிப் பேச்சை மாற்றினார்.

“இவ்வளவு பெரிய தழும்பு இருக்கு, இது நெத்திய மொழுகிக் காட்டுது. அப்ப அந்த மாட்டு நெத்தியிலயும் இது இஷ்டத்துக்குத்தான் வரைஞ்சுருக்கும்.”

“அதான, அதான” என்று நாலு பேர் சொன்னார்கள். சத்யா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காரியம் முடிந்தது என்று நினைத்தாள். பொன்னுத்தாயும் மெல்ல மூச்சு விட்டாள்.

குழந்தைசாமி எழுந்தார். “வந்தது வந்துட்டோம். கையால ஒரு தடவ பாத்துட்டு வாரேன். கூட்டமா வராதீக, மாடு மிரளும். பொன்னுத்தாயி, நீ வா. பாப்பா, நீயும் வா.”

பொன்னுத்தாயின் முகத்தில் இரத்தமே இல்லை. மூன்று பேரும் கொட்டகைக்குப் போனார்கள். குழந்தைசாமி பயமில்லாமல் காளையின் பக்கவாட்டில் போய் நின்று, திமிலைத் தட்டிக்கொடுத்து, துண்டின் நுனியால் நெற்றியைத் துடைத்தார். துடைத்துவிட்டுக் கையை எடுக்கவில்லை. மூன்று சுழியையும் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். சின்னவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

“ஒன் வீட்டுக்காரனுக்குத் தெரியுமா?”

“தெரியும்யா. தெரிஞ்சுதான் கொண்டாந்தாரு.” பொன்னுத்தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். “லாரிக்குக் குடுக்கச் சொல்லாதீக. ஊரை விட்டுப் போகச் சொன்னா நானும் இவனுமாப் போயிர்றோம்.”

குழந்தைசாமி சத்யா பக்கம் திரும்பினார். கோபமாகத் தெரியவில்லை. புதுச் சாமானைக் கையில் வாங்கிய பிள்ளையைப் போல் இருந்தது அவர் முகம்.

“ஏம்மா. அந்த மிஷினுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?”

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. “அக்கா மெலிசாப் பூசியிருந்தாங்கய்யா. துண்ணூறு இடுக்குல முடி எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரிஞ்சுருக்கு. அத வச்சுக் கண்டுபுடிச்சுருச்சு.”

“என் நெத்தியில மட்டும் ஏன் கண்டுபுடிக்கல?”

“நீங்க தடிப்பாப் பூசியிருந்தீங்க.”

“அது தெரிஞ்சுதான் என்னயப் போட்டோ எடுக்கணும்னியா?”

“ஆமாங்கய்யா.”

அவர் சத்யாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உதட்டைக் குவித்து, தலையை ஆட்டி, மெதுவாகச் சிரித்தார். ஒரு கை அவரையறியாமல் தன் தழும்பைத் தொட்டுவிட்டு இறங்கியது. பொன்னுத்தாயிடம் சம்புடத்தைக் கேட்டு வாங்கினார். உள்ளங்கை நிறையத் திருநீற்றை அள்ளி, தொட்டித் தண்ணீரில் விரலை நனைத்துக் குழைத்து, காளையின் நெற்றியில் ஒரு முடிகூடத் தெரியாமல் அப்பினார்.

“இப்படிப் பூசணும்” என்றார் பொன்னுத்தாயிடம். “தண்ணி விட்டுத் தடிப்பாப் பூசு. மெலிசாப் பூசுனா இப்ப உள்ள போட்டோவுல தெரியுதுல்ல.”

பொன்னுத்தாய்க்கு அப்போதுதான் அழுகை வந்தது. காளையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

குழந்தைசாமி பந்தலுக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“ஒத்தச் சுழி. நல்ல மாடு. தாராளமா அவுத்து விடலாம்.”

பந்தலில் ஒரே இரைச்சல். இளவட்டங்கள் விசில் அடித்தார்கள். பெரியகருப்பன் மட்டும் சத்யாவை விடவில்லை. ஒரு நல்ல மாட்டைப் பார்த்து என்ன பேச்சுப் பேசிவிட்டோம் என்ற வருத்தம் அவருக்கு. அதை யார் மேலாவது இறக்கி வைக்க வேண்டுமே.

“ஏம்மா, படிச்ச பொண்ணு தானே நீயி? ஒரு பாவப்பட்ட பொம்பளையோட மாடு லாரி ஏறப் பாத்துச்சேம்மா ஒன் கம்ப்யூட்டரால. வாய் கூசாமப் பொய் சொல்லுது அது. அதப் போயி நம்பிக்கிட்டு. பிளக்ஸ மாத்தி அடிச்சுக் குடு. இனிமேலயாவது அதுக்கு நல்ல புத்தி சொல்லி வையி.”

“தப்புத்தாங்கய்யா” என்றாள் சத்யா. “மாத்தி அடிச்சுத் தாரேன்.”

அவர் இன்னும் திட்டினார். பக்கத்தில் நின்றவர்களும் ஆளுக்கு இரண்டு வார்த்தை சேர்த்துக்கொண்டார்கள். அந்த மாட்டு விஷயத்தில் அந்தப் பந்தலில் அன்று உண்மையைச் சொன்னது அந்தச் சாஃப்ட்வேர் மட்டும்தான். அதன் சார்பில் சத்யா தலையைக் குனிந்து எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டாள். வாழ்நாளில் அவள் இவ்வளவு சந்தோஷமாக யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.